கேள்வி நேரம்: மிதிவெடி தெரிந்த படையினருக்கு இன்னொரு பயிற்சி ஏன்?

கேள்வி: ஐ.நா. அமைதிப்படைக்குப் போகும் பொறியியல் படையினருக்கு, புறப்பட முன்னரே மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றலில் தனிப்பயிற்சி கொடுக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாத வெடியா? – வாசகர், மூதூர்

பதில்: வெடி தெரியும், வேலைதான் வேறு. போரில் படை கடக்க ஒரு பாதை திறந்தால் போதும். ஒன்றிரண்டு மிஞ்சினாலும் துணிந்து நகர்வார்கள். இங்கே குறித்த நிலம் முழுவதும், குறித்த ஆழம் வரை (பல இடங்களில் 13 சென்ரிமீற்றர்), ஒன்றும் மிஞ்சக்கூடாது. நாளைக்கு அந்த நிலத்தில் மாடு மேயும், பிள்ளைகள் ஓடுவார்கள். அதனால் பயிற்சியின் பெரும்பகுதி அவசரத்தை விடவைப்பதிலேயே போகிறது.

வேலை நடப்பது சுமார் 1 மீற்றர் அகலப் பாதையில். முன்னால் குறுக்கே சிவப்புத் தடி. அதைத் தாண்டிக் கையோ முழங்காலோ போகக்கூடாது. இழுகம்பி (இழுபட்டால் வெடிக்கவைக்கும் கம்பி) இருக்கிறதா என்று பார்த்து, புல்லை வெட்டி, பிறகுதான் டிடெக்டர் (உலோகம் இருந்தால் சத்தமிடும் கருவி). சத்தம் கேட்ட இடத்தை மேலிருந்து தோண்டவே கூடாது. ஒரு சாண் பின்னால் குழி எடுத்து, ஆழம் வந்தபின் பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிக்கொண்டு நெருங்க வேண்டும். அழுத்தத் தட்டு மேலே இருக்கும், நாம் தொட வேண்டியது விலாவை. குத்தூசி (மண்ணுக்குள் குத்தித் தேடும் நீண்ட ஊசி) பிடிப்பதும் நிலத்திலிருந்து 30 பாகைக்கு மேற்படாத சாய்வில். கை களைத்தால் ஊசி தானாக நிமிரும். மழையில் மண் அரிந்து மிதிவெடி சரிந்து கிடந்தால் தட்டே நம் பக்கம் திரும்பியிருக்கும். ஆகவே சாய்வு சரி என்று அழுத்திக் குத்தவும் கூடாது.

அதிகம் நடக்கும் பிழை, ஓர் ஆணியை எடுத்துவிட்டு அதே இடத்தை மறுபடி பார்க்காமல் நகர்வது. ஆணிக்குக் கீழேயும் வெடி இருக்கலாம். இன்னொன்று முகக்கவசம். மண் பட்ட கையால் துடைத்தால் கீறல் விழும், கீறல் விழுந்தால் பார்வை மங்கும், மங்கினால் வெயிலில் அதை மேலே தூக்கிவிடுவார்கள். சுத்தமான ஈரத்துணி கட்டாயம் வேண்டும்.

கேள்வி: எங்கள் கறுப்பு மணல் காந்தத்தில் ஒட்டுகிறது. இப்படியான மண்ணில் டிடெக்டர் சரிவருமா? – வாசகி, புல்மோட்டை

பதில்: நல்ல கேள்வி. இல்மனைட் போன்ற கனிமங்கள் உள்ள மண்ணே டிடெக்டரைக் கத்தவைக்கும். சத்தம் தாங்காமல் உணர்திறனைக் குறைப்பதுதான் ஆபத்து: சீனத் தயாரிப்பான டைப் 72 போல மிகச் சிறிதளவு உலோகமே உள்ளவை அப்போது தப்பிவிடும். கருவியை அந்த மண்ணிலேயே சரிசெய்து, சோதனைத் துண்டொன்றை (வெடியில் உள்ள அளவு உலோகம் கொண்ட மாதிரி) அதே மண்ணில் தேடவேண்டிய ஆழத்தில் புதைத்து, தினமும் காலையிலும் பற்றரி மாற்றிய பின்பும் பார்க்க வேண்டும். சத்தம் வராவிட்டால் அந்தக் கருவி அன்று களத்துக்குப் போகாது. மண் ஒத்துவராத இடத்தில் முழு நிலத்தையும் அந்த ஆழத்துக்குக் கையால் தோண்டித்தான் ஆகவேண்டும். வடக்கில் நீண்ட பிடி வைத்த வாரிகளாலும் அப்படித் தேடினார்கள்.

கேள்வி: பயிற்சி முடிந்தால் நேரே களமா? – வாசகர், உப்புவெளி

பதில்: இல்லை. லெபனானுக்கும் இஸ்ரேலுக்கும் இடையே ஐ.நா. வகுத்த நீலக்கோட்டை அடையாளமிடும் பீப்பாய்களுக்கு வழி திறந்த படையினரை, ஐ.நா. கண்ணிவெடிச் சேவை அங்கேயே மீண்டும் சோதித்துத்தான் இறக்கியது. அங்கத்தைய மண்ணும் வெடி வகைகளும் வேறு. கடினமான பயிற்சி விபத்து ஒத்திகைதான். தோழன் விழுந்தால் ஓடிப்போகப் பழகியவர்கள் படையினர். இங்கே அவன் கூப்பிடக் கூப்பிட, அவனிடம் போகும் வழியைப் பார்த்துப் பார்த்துத் திறந்துகொண்டுதான் போகவேண்டும்.