மரத்தடியோடு திரும்பிவிடாதீர்கள்

1834இல் தொழிற்சங்கம் வைத்ததற்காக ஆறு பண்ணைக் கூலியாட்கள் நாடு கடத்தப்பட்ட டால்பட்டில் என்ற இங்கிலாந்துக் கிராமத்தைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: மகன் போர்ன்மவுத்தில் படிக்கிறான். ஜூலையில் அவனைப் பார்க்கப் போகிறோம். டால்பட்டில் அங்கிருந்து தூரமில்லையாம். அங்கே ஒரு மரத்தைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள் என்கிறான். அந்த மரத்துக்கு என்ன பெருமை?
– வாசகி, பூச்சோங்

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா. டார்செட் மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். மரம் ஒரு சிகமோர். வயது 300 ஆண்டுக்கு மேல். அந்த ஆறு பேரும் கூடிப் பேசியது அதன் அடியில்தான் என்று ஊரில் சொல்வார்கள். பேசியது கூலியைப் பற்றி. வாரத்துக்கு 9 ஷில்லிங் இருந்ததை 8 ஆக்கினார்கள், பிறகு 7. அடுத்து 6 என்று பேச்சு வந்தபோதுதான், இனி தனித்தனியாகப் போய்க் கேட்டுப் பயனில்லை என்று சங்கம் வைத்தார்கள். தலைமை ஜார்ஜ் லவ்லெஸ், மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்கிற கூலியாள். அவர், அவருடைய தம்பி, மைத்துனர் தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்ட், மைத்துனர் மகன் என்று அறுவரில் நால்வர் ஒரே குடும்பம். மற்ற இருவர் ஜேம்ஸ் பிரைன், ஜேம்ஸ் ஹேமட்.

கேள்வி: அந்தக் காலத்தில் சங்கம் வைப்பதே குற்றமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இல்லை, அதுதான் கொடுமை. சங்கத்துக்கு இருந்த தடை 1824லேயே நீங்கிவிட்டது. ஆனால் புதிதாகச் சேருகிறவரின் கண்ணைக் கட்டி, ரகசியத்தை வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள். கடற்படைக் கலகத்தை அடக்குவதற்காக 1797இல் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. சட்டவிரோத சத்தியம் என்று அதை எடுத்து இவர்கள்மேல் போட்டார்கள். 1834 பிப்ரவரி 24 அன்று கைது, மார்ச்சில் டார்செஸ்டர் நீதிமன்றத்தில் ஏழாண்டு தண்டனை, அப்புறம் கப்பலில் ஆஸ்திரேலியா. லண்டனில் பெரிய ஊர்வலம் போனது, லட்சக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். 1836இல் மன்னிப்புக் கிடைத்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் நினைவுதான். மலாயாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று பால்மரம் வெட்டியவர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது அவருக்குப் பதினாறு வயது. கூலி உயர்வோடு சேர்த்துத் தொழிலாளர்கள் கேட்டது இன்னொன்று: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கச் சொல்லக் கூடாது. அப்பா கூலிக் கணக்கை மறந்துவிட்டார், சைக்கிளை மறக்கவில்லை. கடைசிவரை அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறும்.

கேள்வி: டால்பட்டில் என்ற பெயருக்கு என்ன பொருள்?
– வாசகர், செந்தூல்

பதில்: பக்கத்தில் ஓடும் ஆற்றுக்குப் பிடில் என்று பெயர். அதைப் பட்டில் என்றும் சொல்வார்கள். அஃப்பட்டில், பிரையன்ட்ஸ்பட்டில், பட்டில்டவுன் என்று அந்தக் கரையில் பல ஊர்களுக்கு ஆற்றின் பெயர்தான். டால் என்பது, பழங்காலத்தில் அந்த நிலத்தை வைத்திருந்த டோலா என்ற பெண்ணின் பெயரிலிருந்து வந்தது.

மறுபடியும் பூச்சோங் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. மரத்தடியில் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். தேவாலயத்து இடுகாட்டுக்கும் போங்கள். விடுதலையாகி வந்த அறுவரில் ஐந்து பேர் பிறகு கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். சொந்த ஊருக்கே திரும்பி வாழ்ந்தவர் ஜேம்ஸ் ஹேமட் ஒருவர்தான். சத்தியம் செய்த அன்று அவர் அங்கே இல்லை, உடன்பிறந்த ஜானின் மனைவி நிறைமாதமாக இருந்ததால் ஜானுக்குப் பதிலாகச் சிறைக்குப் போனார் என்று சொல்கிறார்கள். ஊரில் கட்டட வேலை செய்து பிழைத்தார். முதுமையில் கண் பார்வை போய், டார்செஸ்டர் ஏழைகள் விடுதியில் 1891இல் இறந்தார். அவர் தலைமாட்டில் இன்றிருக்கும் கல்லை 1934இல்தான் வைத்தார்கள். அதே ஆண்டு பிரிட்டனின் சங்கக் கூட்டமைப்பான தொழிற்சங்கக் காங்கிரஸ் ஊரில் ஆறு வீடுகள் கட்டி, வீட்டுக்கு ஒருவராக அறுவர் பெயரையும் வைத்தது. அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கிறது.

ஜூலையில் ஊர்த் திருவிழா உண்டு. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கொடிகளோடு ஊர்வலம் வரும், ஹேமட் கல்லறையில் மலர்வளையம் வைப்பார்கள். அன்று அங்கே இருக்க முடிந்தால், எங்கள் அப்பா பெயரைச் சொல்லி ஒரு பூ வையுங்கள். நம்மூர்ச் செம்பருத்தி அங்கே கிடைக்காது, எந்தப் பூவானாலும் சரி.