நாற்பது வயதுக்குப் பிறகு நடிக்க வந்து பெயர் எடுத்த யாழ்ப்பாணத்தவர் யாரும் உண்டா?

உண்டு. பண்ணைப் பாலம் தாண்டினால் வருகிற அல்லைப்பிட்டியில் 1967இல் பிறந்த அந்தோனிதாசன் யேசுதாசன். எங்கட ஆக்களுக்கு ஷோபாசக்தி என்றால்தான் தெரியும். ‘கொரில்லா’ நாவல் எழுதியவர். பதின்ம வயதில் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, பிறகு விலகி, தாய்லாந்து போய், 1993இல் பிரான்சுக்கு அகதியாகப் போய்ச் சேர்ந்தார். அங்கே கிடைத்த கூலி வேலைகளைச் செய்தபடிதான் எழுதினார். (எழுத்து யாருக்குச் சோறு போட்டது!)

சினிமா நாற்பதைத் தாண்டித்தான் வந்தது. முதலில் லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’. பிறகு பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியாரின் ‘தீபன்’. அந்தப் படம் 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கியபோது இவர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் பிரான்சின் சினிமா விருதான செசார் விருதின் சிறந்த நடிகர் பரிந்துரையிலும் இவர் பெயர் இருந்தது.

நடிப்புப் பள்ளியில் படித்து வந்ததல்ல இது. ‘தீபன்’ படத்தில் அவர், பாஷை பிடிபடாத ஊரில், குடியிருப்புக் கட்டடமொன்றைப் பராமரிக்கிற முன்னாள் போராளி. அந்தத் தயக்கமும் உள்ளே அடக்கிவைத்த கோபமும் அவர் முகத்திலேயே கிடந்தன. கதையில் பாதி தன் வாழ்க்கைதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் இப்படியொரு பாத்திரம் வாய்க்காது என்பதும் உண்மை.

உங்களுக்கும் ஆசை இருந்தால், யாழ்ப்பாணத்தில் குறும்படம் எடுக்கிற பெடியளைக் கேட்டுப் பாருங்கள். தலைக்குப் பவுடர் பூசிய இருபது வயதுக்காரன் அப்பாவாக வருவதைவிட, நீங்கள் சும்மா வந்து நின்றாலே வடிவாயிருக்கும்.