கையெழுத்து உங்களுடையது: வருமான வரி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ரிட்டனில் இல்லாததை எழுதியாயிற்று, இப்போது பயமாக இருக்கிறது. 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும், நீங்கள் கேட்டிருப்பவை அதற்கு முந்தைய வருஷக் கணக்குகள். அதனால் பழைய பிரிவு எண்களையே சொல்கிறேன்.

அப்பா வீட்டில்தான் இருக்கிறேன். வாடகை எதுவும் கொடுப்பதில்லை. வாடகைப் படிக்கு வரிவிலக்கு வாங்க, மாதம் 15,000 என்று ரசீது மட்டும் எழுதி வாங்கி ஆபீஸில் கொடுத்துவிட்டேன். இது தப்பா? (கோவை)

தப்புதான். அப்பாவுக்கு வாடகை கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. கொடுக்காத வாடகையைக் கொடுத்ததாக எழுதியதுதான் பிரச்சினை. வீடு அவர் பெயரில் இருக்க வேண்டும், பணம் மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து அவர் கணக்குக்குப் போக வேண்டும், அதை அவர் தன் வருமானத்தில் காட்ட வேண்டும். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அவருடைய பான் நம்பரும் சேர்த்துத் தர வேண்டும். நீங்கள் 1.8 லட்சம் கொடுத்தேன் என்கிறீர்கள், அவர் கணக்கில் ஒன்றுமே இல்லை. இரண்டையும் ஒட்டிப் பார்க்கத் துறையின் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மார்ச்சில் மொத்தமாகப் பணம் போட்டு ஏப்ரலில் திரும்ப வாங்கிக்கொள்வதும் வாடகை ஆகாது.

எஃப்டி வட்டிக்கு பேங்கிலேயே டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள். மறுபடி காட்ட வேண்டுமா? (மதுரை)

காட்ட வேண்டும். டிடிஎஸ் என்று பேங்க் முன்கூட்டியே பிடிக்கும் வரி 10 சதவிகிதம். உங்கள் வரி அடுக்கு 20, 30 சதவிகிதம் என்றால் மீதி உங்கள் பொறுப்பு. ஏஐஎஸ்-ஐ, அதாவது உங்கள் வருமானம் பற்றித் துறையிடம் இருக்கும் வருடாந்தரத் தகவல் அறிக்கையை, திறந்து பார்க்காமல் ரிட்டன் போடாதீர்கள்.

மனைவிக்கு வருமானம் இல்லை. என் சேமிப்பை அவர் பெயரில் எஃப்டி போட்டால் வட்டிக்கு வரி இல்லைதானே? (வேலூர்)

வரி உண்டு. உங்கள் பணம் என்பதால் வட்டி உங்கள் வருமானத்தோடு சேரும். பிரிவு 64.

எங்கள் கம்பெனியில் நிறையப் பேருக்கு ஒருவரே ரிட்டன் போடுகிறார். ரீஃபண்டில் 10 சதவிகிதம் அவருக்கு. இரண்டு வருஷம் முன்பு எனக்கு 62,000 வாங்கிக் கொடுத்தார். நான் ஏதோ கட்சிக்கு 2 லட்சம் நன்கொடை கொடுத்ததாகக் கணக்கில் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. நடவடிக்கை அவர்மீது வருமா, என்மீதா? (ஓசூர்)

முதலில் உங்கள்மீதுதான். ரிட்டனின் கடைசியில் ‘இதில் உள்ளவை உண்மையும் முழுமையும் ஆனவை’ என்று ஓர் உறுதிமொழி வருகிறது. அது உங்கள் பெயரில் இருக்கிறது. ஓடிபி வந்தது உங்கள் போனுக்கு, பணம் வந்தது உங்கள் கணக்குக்கு. ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்ற பதில் அங்கே நிற்காது. ஆபீஸில் கணக்குப் பார்த்துச் சரியாகப் பிடித்த வரி, ஏன் 62,000 ரூபாயாகத் திரும்பி வருகிறது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டாமா?

ரீஃபண்டில் சதவிகிதம் கேட்கும் ஆட்களைப் பற்றி நான் எழுதாத வருஷம் இல்லை. இன்னும் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ரிட்டன் போடுவது ஒரு வேலை, அதற்குக் கூலி உண்டு. ரீஃபண்ட் பெருகப் பெருகக் கூலியும் பெருகும் என்றால், அவர் உழைப்பு முழுக்க ரீஃபண்டைப் பெருக்குவதில்தான் போகும். பட்டயக் கணக்காளர்கள் இப்படி விளைவைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவதை அவர்களுடைய தொழில் விதிகளே பொதுவாகத் தடுக்கின்றன. உங்கள் ஆள் பெரும்பாலும் பட்டயக் கணக்காளராகவே இருக்க மாட்டார். கேட்டுப் பார்த்தீர்களா?

இந்த வியாபாரம் நடக்கும் விதம் எளிது. 80ஜிஜிசி பிரிவில் கட்சி நன்கொடைக்கு முழு விலக்கு உண்டு, ஆனால் ரொக்கமாகக் கொடுத்திருக்கக் கூடாது. அதனால் பெயரே கேள்விப்படாத ஒரு கட்சியின் கணக்குக்கு செக்கில் பணம் போகும். கமிஷன் கழித்து மீதி ரொக்கமாகத் திரும்பும். சிலர் அந்த அலுப்பு கூட இல்லாமல் வெறும் எண்ணை மட்டும் தட்டிவிடுகிறார்கள். உங்களுடையது அந்த இரண்டாவது வகை. அதோடு நிற்பதில்லை. இல்லாத வீட்டுக் கடன், இல்லாத கல்விக் கடன், நல்ல உடம்போடு இருப்பவருக்கு 80யு பிரிவில் ஊனமுற்றோருக்கான கழிவு என்று வரிசையாக எழுதுகிறார்கள். உண்மையிலேயே ஊனத்தோடு வாழும் ஒருவர் தன் சான்றிதழை வைத்துக்கொண்டு இனி எத்தனை விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

2025 ஜூலையில் வருமான வரித்துறை நாடு முழுக்க ஏறத்தாழ 150 இடங்களில் இப்படிப்பட்ட ஆட்களைச் சோதனை போட்டது. தமிழ்நாடும் அதில் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டனைத் திருத்தி, ஆயிரம் கோடிக்கு மேல் பொய்க் கழிவுகளை விலக்கிக்கொண்டதாகத் துறை சொன்னது. கூடவே இன்னொன்றும் வெளியே வந்தது. இந்த ஏஜென்ட்கள் ரிட்டன் போடுவதற்கென்றே தற்காலிக ஈமெயில் திறக்கிறார்கள், வேலை முடிந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள். நோட்டீஸ் அங்கே போய்க் கிடக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இப்போது செய்ய வேண்டியது. இன்றே போர்ட்டலுக்குள் போய் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஈமெயிலும் போன் நம்பரும் உங்களுடையவையா என்று பாருங்கள். பழைய ரிட்டன்கள் அத்தனையையும் இறக்கி வரி வரியாகப் படியுங்கள். பிறகு 139(8ஏ) பிரிவில் புதுப்பித்த ரிட்டன் போடுங்கள். மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து ஒரு வருஷத்துக்குள் என்றால் வரி, வட்டிக்கு மேல் 25 சதவிகிதம் கூடுதல். இரண்டாம் வருஷம் 50, மூன்றாம் வருஷம் 60, நான்காம் வருஷம் 70. உங்களுக்கு அநேகமாக 50. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் போகும். வலிக்கும். துறையே கண்டுபிடித்தால் 270ஏ பிரிவில் வரியைப்போல இரண்டு மடங்கு அபராதம், மொத்தம் இரண்டு லட்சத்தை நெருங்கும். வழக்குத் தொடரவும் சட்டத்தில் இடம் உண்டு. அதனால் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

அப்புறம், ‘பழைய தேதியில் ரசீது வாங்கித் தருகிறேன்’ என்று அதே ஆள் வருவார். வாங்காதீர்கள். இதுவரை தவறான கணக்கு, இனிமேல் போலி ஆவணம்.

இன்கம் டாக்ஸிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்வது? அவசரம். (திருச்சி)

எந்தப் பிரிவு, எந்த வருஷம், என்ன கேட்டிருக்கிறார்கள் என்று ஒரு வரிகூட எழுதாமல் அவசரம் என்றால் நான் எதைச் சொல்வது? 143(1) என்றால் அது வெறும் தகவல், உங்கள் கணக்கையும் அவர்கள் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 143(2) என்றால் ஆய்வு, 148 என்றால் பழைய கணக்கைத் திறக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நல்ல ஆடிட்டரிடம் போங்கள். எதுவானாலும் பதில் போடக் கெடு தேதி இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள்.

காதுகுத்தில் 4 லட்சம் மொய் வந்தது. கணக்கில் வராத 6 லட்சம் கையில் இருக்கிறது. அதையும் மொய் என்று காட்டி பேங்கில் போடலாமா? (தேனி)

கூடாது. அதோடு, உங்கள் 4 லட்சமே கேள்விக்கு உரியது. வரிவிலக்கு கல்யாணம் செய்துகொள்பவருக்கு வரும் அன்பளிப்புக்குத்தான். காதுகுத்துக்கும் புதுமனைக்கும் அந்தச் சலுகை இல்லை. சட்டம் சொல்லும் நெருங்கிய உறவினர் கொடுத்ததற்கு வரி கிடையாது. மற்றவர்களிடமிருந்து வருஷத்தில் வந்தது மொத்தம் 50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானம். மொய் நோட்டைப் பத்திரமாக வையுங்கள், யார் எவ்வளவு என்பதற்கு அதுதான் சாட்சி. அதில் புதுப் பெயர்களைச் சேர்த்தால் அந்தப் பெயர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஒரே சேமிப்புக் கணக்கில் வருஷத்துக்கு 10 லட்சம் ரொக்கம் போட்டால் பேங்க் தானே தகவல் அனுப்பிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். அந்த 6 லட்சம் எந்த வருஷம், எப்படி வந்ததோ அதைச் சொல்லி வரி கட்டுங்கள்.

கடை வாடகை வருமானத்தை விவசாய வருமானம் என்று காட்டச் சொல்கிறார் நண்பர். நிலம் தரிசுதான். (நாமக்கல்)

நண்பரின் யோசனையை விட்டுவிடுங்கள். விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், பாசனமா மானாவாரியா என்றெல்லாம் படிவமே கேட்கும். அதற்குக் குறைவாகக் காட்டினாலும் சிட்டா, அடங்கல், விற்ற சீட்டு கேட்டால் எதைக் கொடுப்பீர்கள்? அடங்கலிலேயே தரிசு என்று இருக்கும்.

மாதச் சம்பளக்காரன் ஒரு பைசா மறைக்க முடியாது. ரொக்கத்தில் வியாபாரம் செய்பவர்கள் பாதியைக்கூடக் காட்டுவதில்லை. நாங்கள் மட்டும் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும்? (சென்னை)

கோபம் நியாயமானது. சம்பளம் கைக்கு வரும் முன்பே வரி போய்விடுகிறது. ஆனால் நீங்கள் போடும் பொய் ரசீதால் அந்த வியாபாரிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உங்களைப் போலவே ஃபார்ம் 16 என்ற சம்பள வரிச் சான்றிதழ் வாங்கும் பக்கத்து மேஜைக்காரர்தான் கூடுதல் விளக்கமும் கூடுதல் காத்திருப்பும் சுமக்கிறார். வரி ஏய்ப்பு பற்றி உறுதியான தகவல் இருந்தால் துறையின் போர்ட்டலிலேயே புகார் கொடுக்கலாம்.

சட்டம் தருவதை முதலில் முழுசாக எடுத்தீர்களா? 2025-26 நிதியாண்டில், கழிவுகள் குறைவாக உள்ள புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை. கழிவுகள் அதிகமுள்ள பழைய முறையில் இருப்பவர்கள் பெற்றோர் மூத்த குடிமக்களாக இருந்தால் அவர்களுடைய மருத்துவக் காப்பீட்டுக்கு 50,000 வரை, தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ்ஸுக்குத் தனியாக 50,000 கழிக்கலாம். இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்க்காமலேயே பொய் ரசீது தேடிப் போகிறார்கள்.

ரிட்டனோடு எந்தக் காகிதமும் இணைக்கச் சொல்லவில்லை. அப்படியென்றால் ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா? (தஞ்சாவூர்)

கூடாது. இணைக்கச் சொல்லவில்லை என்பதால் கேட்க மாட்டார்கள் என்று அர்த்தமில்லை. மறைத்த வருமானம் 50 லட்சத்துக்கு மேல் என்று நினைத்தால் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்தே கால் வருஷம் வரை கணக்கைத் திறக்கலாம், அதற்குக் கீழே மூன்றே கால். எதற்கும் ஏழு வருஷம் வைத்திருங்கள். வீடு, நிலம், நகை, பங்கு வாங்கிய காகிதங்கள் மட்டும் அவற்றை விற்று, அந்த வருஷக் கணக்கும் முடியும்வரை இருக்க வேண்டும்.