'மெக்' நாவலைச் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் திட்டுகிறார்கள். ஏன்?

ஸ்டீவ் ஆல்டன் எழுதி 1997இல் வெளிவந்த இந்த நாவலில், மெகலோடான் என்ற ராட்சதச் சுறா அழியாமல் பசிபிக் பெருங்கடலின் மிக ஆழமான பள்ளமான மரியானா அகழியில் வாழ்கிறது. கருத்து வேறுபாடு தொடக்கக் காட்சியிலேயே ஆரம்பமாகிவிடும். அங்கே அந்தச் சுறா டைரனோசரஸ் என்ற டைனோசரை வேட்டையாடுகிறது. டைரனோசரஸ் அழிந்தது ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. மெகலோடான் தோன்றியதோ சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். தொல்லுயிரியல் தெரிந்த வாசகர் எரிச்சலடைவது முற்றிலும் நியாயம்.

ஆனால் சுறா மேலே வரும் கட்டத்தைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். குளிர்ந்த நீரடுக்கைத் தாண்ட முடியாமல் கீழே அடைபட்டிருந்த பெண் சுறா, இறந்துபோன ஆண் சுறாவின் வெதுவெதுப்பான ரத்தப் பெருக்குக்குள்ளேயே நீந்தி மேலேறுகிறது. அறிவியலாக இது நிற்காது. கதையாக என்னை மிரட்டிவிட்டது!

கதாநாயகன் ஜோனாஸ் டெய்லரின் மணவாழ்க்கைச் சிக்கல்கள் தட்டையானவை என்ற குறையை நானும் ஏற்கிறேன். அந்தப் பக்கங்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஆழ்கடல் என்றாலே உங்களுக்கு உள்ளூர நடுக்கம் உண்டா? அப்படியானால் தயங்காமல் வாங்குங்கள். துல்லியமான உயிரியல்தான் வேண்டுமென்றால் இது உங்களுக்கான புத்தகம் அல்ல.