பெருந்தொற்றுக் காலக் காப்பகம்: விதிகள் குழந்தையின் காதில் எப்படி விழுகின்றன?

கேள்வி: குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களும் குழந்தைகளும் தங்கும் காப்பகம் ஒன்றின் பொறுப்பாளர் நான். கொரோனா காலத்தில் புதிதாக வருபவர்களை 14 நாள் தனி அறையில் வைத்தோம். விளையாட்டு அறையை மூடிவிட்டோம், தன்னார்வலர்களும் வரவில்லை. குழந்தைகள் படுக்கையை நனைத்தார்கள், ஒருவரையொருவர் அடித்தார்கள், சிலர் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். அம்மாக்களும் பொறுமை இழந்தார்கள். அப்பாவுடன் வீடியோ காலில் பேச நீதிமன்றம் அனுமதித்திருந்த குழந்தைகள் விஷயத்தில் திணறிப்போனோம். மறுபடி ஒரு பெருந்தொற்று வந்தால் என்ன செய்வது என்று இப்போது திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தொற்றும் பரவக் கூடாது, குழந்தைகளும் நொறுங்கக் கூடாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் பழைய தனிமைப்படுத்தல் விதிகளை எடுத்து ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். வெளியே போகக் கூடாது. யாருடனும் பேசக் கூடாது. கதவைத் திறக்கக் கூடாது. எதையும் தொடக் கூடாது. உங்களிடம் வரும் குழந்தை இதே வார்த்தைகளை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறது, அடிக்கிறவரின் வாயிலிருந்து. மனைவியையும் பிள்ளைகளையும் சொந்தபந்தத்திடமிருந்தும் அக்கம்பக்கத்திடமிருந்தும் துண்டித்து வைப்பதுதான் குடும்ப வன்முறையின் முதல் ஆயுதம். அதிலிருந்து தப்பி வந்த பிள்ளைக்கு 14 நாள் மூடிய அறை, பழைய வீட்டின் தொடர்ச்சியாகத்தான் தெரியும். நீங்கள் பார்த்த படுக்கை நனைத்தல், அடிதடி, மௌனம் எல்லாவற்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விதிகள் தேவைதான், அவற்றைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் அடிக்கிறவர் போடும் கட்டுப்பாட்டுக்குக் காரணம் சொல்லப்படாது, அது எப்போது முடியும் என்று தெரியாது, அதில் பிள்ளையின் விருப்பத்துக்கு இடமே இருக்காது. உங்கள் திட்டத்தில் வரும் ஒவ்வொரு விதிக்கும் இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்: குழந்தைக்குப் புரிகிற காரணம், முடிகிற நாள், பிள்ளை தானே தேர்ந்தெடுக்கக்கூடிய ஏதாவது ஒன்று. எத்தனை கட்டில், எத்தனை பாட்டில் கிருமிநாசினி என்ற கணக்கெல்லாம் அதற்கு அடுத்த பக்கத்தில் வரட்டும்.

ஒரு சின்ன உதாரணம். வாசலில் காய்ச்சல் பார்க்கும் அந்தத் துப்பாக்கி வடிவக் கருவியை நெற்றிக்கு நேராக நீட்டியதும் மேசைக்கு அடியில் புகுந்துகொண்ட ஐந்து வயதுக் குழந்தையைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்களுக்கு அது வெறும் தெர்மாமீட்டர். முகத்துக்கு எதிரே கை ஓங்கப்பட்டே வளர்ந்த பிள்ளைக்கு அப்படியில்லை. முதலில் அம்மாவுக்குப் பார்த்து, அப்புறம் கருவியைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து பொம்மைக்குப் பார்க்கச் சொன்னால், தன் முறை வரும்போது பெரும்பாலும் நெற்றியைக் காட்டிவிடும். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

தனி அறையில் கழிக்கும் நாட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள், ஏனென்றால் அதிகம் தவறுவது அங்கேதான். உள்ளே போகும்போதே அம்மா முன்னிலையில் சொல்லிவிடுங்கள்: "இந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்கும். சாவி அம்மாகிட்டதான் இருக்கு. ஒரு கிருமி நம்மளோட வந்திருக்கான்னு பார்க்கத்தான் சில நாள் தனியா இருக்கோம். நீ எந்தத் தப்பும் பண்ணலை." கடைசி வாக்கியம் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுப்போகக் கூடாது. வீட்டில் நடந்ததற்கெல்லாம் தானே காரணம் என்று நினைக்கும் குழந்தைகள் ஏராளம். தனி அறையைத் தண்டனை என்றே எடுத்துக்கொள்வார்கள். சுவரில் கட்டங்கள் போட்ட தாள் ஒன்றை ஒட்டி, தினமும் ஒரு கட்டத்தை அடிக்கச் சொல்லுங்கள். கிரேயான், தாள், களிமண் எல்லாம் அந்தக் குழந்தைக்கே சொந்தமாக இருக்கட்டும், போகும்போது திருப்பிக் கேட்க வேண்டாம். குழந்தை கையோடு கொண்டுவந்த பழைய போர்வையையோ பொம்மையையோ துவைக்கிறேன் என்று பிடுங்கிவிடாதீர்கள். துவைக்கத்தான் வேண்டும் என்றால் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து துவைக்கட்டும்.

தினமும் அதே ஊழியர், அதே நேரத்தில், ஜன்னல் வழியாகவோ கதவருகே தள்ளி நின்றோ வந்து பேச வேண்டும். மாஸ்க் போட்ட முகம் சிறு குழந்தைகளுக்குப் பெரிய சிக்கல். வன்முறையில் வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களின் முகத்தைப் படித்தே அடுத்து என்ன நடக்கும் என்று கணிக்கப் பழகியவர்கள். பாதி முகம் மறைந்தால் ஆபத்து என்றே எடுத்துக்கொள்வார்கள். மாஸ்க் இல்லாமல் சிரிக்கும் ஊழியரின் படத்தைப் பெயரோடு அறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். பிள்ளைகள் மாஸ்க் அணிவது பற்றி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் தந்த வழிகாட்டுதலில், 5 வயதும் அதற்குக் குறைவும் உள்ள குழந்தைகளைக் கட்டாயப்படுத்தத் தேவையில்லை, 6 முதல் 11 வரை சூழ்நிலையைப் பொறுத்து முடிவெடுக்கலாம், 12க்கு மேல் பெரியவர்களைப் போலவே என்று இருந்தது. வாயைப் பொத்தி அடிக்கப்பட்ட பிள்ளை எந்த வயதானாலும் மாஸ்க்கைத் தாங்க மாட்டான். அவனை வற்புறுத்தாமல் காற்றோட்டம், இடைவெளி போன்ற வேறு வழிகளைப் பாருங்கள்.

காற்றோட்டம் என்றதும் இன்னொன்று. 2020இன் தொடக்கத்தில் எல்லோரும் கதவுப்பிடியையும் பொம்மையையும் துடைத்துத் துடைத்துக் களைத்தோம். கொரோனா முக்கியமாகக் காற்றின் வழியே பரவுகிறது, திறந்தவெளியில் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது பிறகு தெளிவானது. அடுத்து வருவது வேறு விதமாகப் பரவலாம், அதனால் அப்போதைய மருத்துவ ஆலோசனையைக் கேளுங்கள். ஆனால் காற்றில் பரவும் நோய் என்றால், வெளியாட்கள் பார்க்க முடியாத மொட்டை மாடியோ முற்றமோ இருந்தால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தினமும் ஒரு நேரம் ஒதுக்குங்கள். ஓட இடமில்லாத பிள்ளை அடிக்கத்தான் செய்வான். அறைக்குள் என்றால் சுவரை இரண்டு கையாலும் தள்ளுவது, தலையணையைத் தூக்கிக்கொண்டு நடப்பது, குதிப்பது என்று உடம்பின் பலத்தைச் செலவழிக்கும் விளையாட்டுகள் வேண்டும்.

இனி படுக்கை நனைக்கும் விஷயம். ஆபத்து முடிந்தது என்று நமக்குத் தெரியும், பிள்ளையின் உடம்புக்குத் தெரிய நாளாகும். அதுவரை பழைய வயதுக்குத் திரும்புவது, ஒட்டிக்கொள்வது, தூக்கத்தில் அலறுவது எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. மாற்றுப் படுக்கை விரிப்பைக் கட்டிலருகிலேயே வைத்துவிட்டால், நள்ளிரவில் அம்மா யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்காது. பாதிக் கோபம் அதிலேயே குறையும். அம்மாவிடம் ஒன்றைத் தனியாகக் கேட்டு வையுங்கள்: வீட்டில் சண்டை வழக்கமாக எந்த நேரத்தில் தொடங்கும்? பல வீடுகளில் அது அப்பா வேலை முடிந்து திரும்பும் நேரமாக இருக்கும். காப்பகத்துக்கு வந்த பிறகும் அந்த நேரம் நெருங்கினால் குழந்தை முறுக்கிக்கொள்ளும், தம்பியை அடிக்கும், அறையைச் சுற்றிச் சுற்றி வரும். கதை, குளியல், பாட்டு என்று அன்றாடத்தில் மிகவும் இதமான வேலையை அந்த நேரத்தில் வையுங்கள்.

மௌனமாக இருக்கும் பிள்ளையை 'சமத்து' என்று விட்டுவிடாதீர்கள். அடிக்கிற பையனுக்கு எல்லோர் கவனமும் கிடைக்கும், மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தை யார் கண்ணிலும் படாது. சாப்பாடு இறங்காமல் போனாலோ, தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, முன்பு நன்றாகப் பேசிய பிள்ளை வாரக்கணக்கில் வாயே திறக்காவிட்டாலோ, குழந்தைகள் மனநல மருத்துவரை அழைக்கத் தாமதிக்க வேண்டாம். தொலைபேசி வழியாக ஆலோசனை தரக்கூடிய ஒருவரை இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

அம்மாக்கள் பொறுமை இழந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இழக்காமல் என்ன செய்வார்கள்? அடிபட்டு, ஓடிவந்து, ஒரே அறைக்குள் இரவும் பகலும் பிள்ளைகளோடு அடைந்து கிடந்தார்கள். குழந்தைக்கு நீங்கள் தரக்கூடிய சிகிச்சைகளில் பெரியது அவன் அம்மாவைத் தூக்கி நிறுத்துவதுதான், இதை நான் உறுதியாக நம்புகிறேன். பழைய வீட்டில் 'நீ ஒரு தாயா?' என்று கேட்டுக் கேட்டே அவளை உடைத்திருப்பார்கள். ஊழியர்கள் நல்ல எண்ணத்தோடுதான் பிள்ளையை வாங்கிச் சமாதானப்படுத்துவார்கள், ஆனால் அது அவள் காதில் அதே வசையாகவே விழும். பிள்ளையின் எதிரில் அவளைத் திருத்தாதீர்கள். "இவனுக்கு என்ன பண்ணா அழுகை நிக்கும்மா?" என்று அவளிடமே கேளுங்கள். அவள் சொன்னதை அவள் கண்ணெதிரே செய்யுங்கள். தினமும் அரை மணி நேரமாவது அவள் தனியாக இருக்க வழி வேண்டும். தன்னார்வலர்கள் வர முடியாத காலத்தில், தனிமைப்படுத்தல் முடிந்த இரண்டு குடும்பங்களை அவர்கள் சம்மதத்தோடு ஒரே குழுவாக்கிவிடலாம். பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வார்கள். 2020இல் நியூசிலாந்தில் 'பபிள்' என்று பிரபலமானது இதே ஏற்பாடுதான். உங்கள் ஊழியர்களையும் மாறாத சிறு குழுக்களாகப் பிரித்துவிட்டால் பிள்ளைகள் தினமும் தெரிந்த முகத்தையே பார்ப்பார்கள்.

அம்மாவுக்கே தொற்று வந்தால்? சேர்க்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்: அவள் படுத்தால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, எந்த உறவினருக்குச் சொல்லவே கூடாது, பிள்ளை என்ன மருந்து எடுக்கிறது, எதைக் கண்டால் பயப்படும். அவளால் முடியும் வரை இருவரும் ஒன்றாகவே இருக்கட்டும். கொரோனாவின்போது, தொற்று இருந்தாலும் மாஸ்க் அணிந்து, கை கழுவித் தாய்ப்பால் கொடுப்பதைத் தொடரலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள்: "அம்மாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில இருக்காங்க. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகலை." குழந்தை வாய்விட்டுக் கேட்காத கேள்வி அதுதான். தினமும் ஒருமுறையாவது அம்மாவின் முகத்தைப் போனில் பார்க்க வையுங்கள்.

அடுத்தது முகவரி ரகசியம். பெருந்தொற்று வந்தால் எல்லாம் ஆன்லைனுக்குப் போகும். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது உச்சத்தில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்கள் பாதிக்கப்பட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. ஆன்லைன் வகுப்பு ஒவ்வொன்றும் உங்கள் முகவரி கசியக்கூடிய ஒரு ஓட்டை. பிள்ளை வகுப்புக்குப் பயன்படுத்தும் டேப்லெட்டை வாங்கிக் கொடுத்தது யார், அது யார் கணக்கில் ஓடுகிறது, லொக்கேஷன் அணைந்திருக்கிறதா, பள்ளி இணையதளத்தில் பெற்றோருக்கான பக்கத்தில் அப்பாவின் பாஸ்வேர்ட் இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கேமராவுக்குப் பின்னால் வெற்றுச் சுவர் இருக்கட்டும், ஜன்னல் தெரியக் கூடாது. அருகில் ரயில் ஓடினால் அந்தச் சத்தம்கூட இடத்தைக் காட்டிக்கொடுக்கும், மைக்கை அணைத்து வைக்கப் பழக்குங்கள். தொற்றுப் பரிசோதனை முடிவு எந்த நம்பருக்கு வரும், அதை வேறு யாராவது பார்க்க முடியுமா என்று ஒவ்வொரு அம்மாவிடமும் கேளுங்கள். தொற்று பரவிய தடத்தை விசாரிக்க வரும் சுகாதாரத் துறையிடம் உங்கள் முகவரி ரகசியமாக வைக்கப்பட வேண்டியது என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, ஒரு அதிகாரியோடு மட்டும் தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ கால் நீதிமன்ற உத்தரவு என்றால் அதை மதித்துத்தான் ஆக வேண்டும். பாதுகாப்பாக இல்லை என்று தோன்றினால் நீங்களாக நிறுத்தாமல், வழக்கறிஞர் மூலம் நிபந்தனைகளை மாற்றக் கேளுங்கள். அழைப்பு காப்பகத்துக்குச் சொந்தமான கருவியிலிருந்து, இதற்கென்றே திறந்த கணக்கிலிருந்து போகட்டும். உத்தரவு அனுமதித்தால் ஊழியர் ஒருவர் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும், அம்மா வேறு அறையில் இருக்கட்டும். "எங்கடா இருக்க?" என்று அப்பா கேட்பார். அதற்குப் பொய் சொல்லும்படி குழந்தையைத் தயார் செய்யாதீர்கள். இடத்தைக் காப்பாற்றும் சுமை ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏறக் கூடாது. அந்தக் கேள்வி வந்ததும் ஊழியர் குறுக்கிட்டு, "அதைப் பற்றிப் பேச முடியாது, வேறு ஏதாவது பேசுங்கள்" என்று சொல்ல வேண்டும், மீறினால் அழைப்பை முடிக்க வேண்டும். குழந்தை தானே முடிக்க விரும்பினால் காட்ட ஒரு சைகை பேசி வையுங்கள். முடிந்த பிறகு 'என்ன சொன்னார், என்ன கேட்டார்' என்று துருவ வேண்டாம். அப்பாவை நினைத்து அழுதாலும் திட்ட வேண்டாம், பயந்த அதே மனிதரின் மேல் பாசமும் இருக்கும். இதை அம்மாவிடமும் முன்பே பேசிவிடுங்கள், அவளுக்கு அது மிகவும் வலிக்கும்.

இடம் போதாவிட்டால் ஹோட்டல் அறைகள்தான் வழி. 2020இல் பிரான்ஸ் அரசே அதற்குப் பணம் கொடுத்தது. ஆனால் ஹோட்டலில் இருக்கும் குடும்பத்தை மறந்துவிடுவது சுலபம். அங்கே தங்குபவர்களுக்குத் தினமும் யார் எந்த நேரத்தில் போன் செய்வது என்று பெயர் போட்டு எழுதுங்கள்.

ஒவ்வொரு விதியின் பக்கத்திலும் அதை மறுபடி பரிசீலிக்கும் தேதியைப் போடுங்கள், இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப் போடாதீர்கள். போன முறை விளையாட்டு அறையை முதலில் மூடியிருப்பீர்கள். இந்த முறை கடைசியாக மூடி முதலில் திறக்கும் அறை அதுவாக இருக்கட்டும். வரைவு தயாரானதும் இப்போது உங்களிடம் தங்கியிருக்கும் அம்மாக்களுக்கும், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். எந்த விதி பழைய வீட்டை நினைவூட்டுகிறது என்று அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அதைத் திருத்திய பிறகு மேலிடத்துக்கு அனுப்புங்கள்.