குறும்படக் கதையை யாரிடம் காட்டினாலும் "சூப்பர்" என்கிறார்களா?

மும்பை தாராவியின் இட்லி வியாபாரியைப் பற்றி எழுதிய குறும்படக் கதைக்கு "சூப்பர்" மட்டுமே வருகிறது, உண்மையான கருத்தை எப்படி வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தில் கவனம் சிதறிச்சு?" என்று கேளுங்கள். அந்தக் கதையை முழுசாக வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறீர்கள். பாதிப் பேர் படித்தே இருக்க மாட்டார்கள்.

இரண்டு பேர் போதும். ஒருவர் கதை எழுதிப் பழகியவர், மற்றவர் விடிகாலையில் இட்லிப் பாத்திரத்தோடு கிளம்புகிறவர். மூன்று நிமிடத்தில் வாயால் சொல்லுங்கள். மறுநாள் அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் விட்டுவிட்ட காட்சி தேவைதானா என்று பாருங்கள். அவர்களாகக் காரணம் சேர்த்துச் சொன்னால் அங்கேதான் ஓட்டை.

அவர்கள் தரும் தீர்வு வேண்டாம், இடறிய இடம் மட்டும் போதும்.

திருட்டுப் பயமா? இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் எழுதிய வடிவத்தைத்தான் காக்கும், வெறும் யோசனையை அல்ல. அதனால் சொல்வதற்கு முன் எழுதித் தேதியோடு உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள்.