1977-இல் வந்த 'ரேபிட்' படத்தின் 2019 மறு ஆக்கத்தை எல்லோரும் திட்டுகிறார்களே, பார்க்கலாமா? பழைய படமே போதுமா?

கேள்விக்குக் கீழே விவரத்தில் நீங்கள் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: "முதல் பாதி ஒரே லேக், ஆஸ்பத்திரிக் காட்சியை எல்லாம் ஓட்டிவிட்டுப் பார் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்." அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். இல்லையென்றால் சினிமா கேள்விகள் பக்கம் நான் வருவதில்லை.

நீங்கள் கல்லூரியில் படிப்பவராக இருக்க வேண்டும். 2024-இல் வந்த 'தி சப்ஸ்டன்ஸ்' பார்த்துவிட்டு, டெமி மூர் முதுகு பிளக்கும் காட்சியில் மிரண்டு, இதே மாதிரி வேறு என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டு வந்திருப்பீர்கள். என் அக்கா மகளும் அப்படித்தான் வந்தாள். கோவையில் படிக்கிறாள், லீவுக்குக் கொழிஞ்சாம்பாறைக்கு (பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊர்) வரும்போது லேப்டாப்பில் இந்த மாதிரிப் படங்களாகவே கொண்டுவருவாள்.

பதில் என்னவென்றால், பாருங்கள். ஆஸ்பத்திரிக் காட்சிகளை ஓட்டாமல் பாருங்கள். அந்தப் படத்தில் உருப்படியான பகுதியே அதுதான்.

படம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டேவிட் குரோனன்பர்க் கனடாக்காரர். அவருடைய 1977 படத்தில் ரோஸ் என்ற பெண் பைக் விபத்தில் சிக்குகிறாள். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக்கில் அவள் தொடைத் தோலை எடுத்து, ஏதோ சோதனை முறையில் பக்குவப்படுத்தி ஒட்டுகிறார்கள். விழித்தபோது அக்குளில் ஒரு கொடுக்கு முளைத்திருக்கிறது. அதனால் அவள் ரத்தம் குடிக்க, குத்துப்பட்டவர்கள் வெறிநாய் கடித்தவர்கள் போல நுரை தள்ளி அடுத்தவரைக் கடிக்கிறார்கள். மாண்ட்ரீல் நகரமே ராணுவத்தின் கைக்குப் போய்விடுகிறது. 2019-இல் இதைத் திரும்ப எடுத்தவர்கள் ஜென், சில்வியா சோஸ்கா என்ற இரட்டைச் சகோதரிகள். அவர்கள் ரோஸை ஃபேஷன் உலகத்தில் வேலை பார்க்கும் கூச்ச சுபாவக்காரியாக மாற்றி, விபத்தில் முகத்தையே சிதைத்துவிட்டார்கள். லாரா வாண்டர்வூர்ட் நடித்திருக்கிறார்.

மறு ஆக்கம் என்றாலே குப்பை என்று ஆரம்பிப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். குரோனன்பர்க்கின் ஆகப் பெரிய வெற்றியான 'தி ஃப்ளை' (1986) ஒரு மறு ஆக்கம்தான். மூலப்படம் 1958-இல் வந்தது. மேக்கப்புக்கு ஆஸ்கர் வாங்கியது புதியது. ஜான் கார்பென்டரின் 'தி திங்' 1982 ஜூனில் வந்தபோது விமர்சகர்கள் காறித் துப்பினார்கள். இரண்டு வாரம் முன்னால் வந்த 'ஈ.டி.'யின் அன்பான வேற்றுகிரகவாசியோடு உருகிக்கொண்டிருந்த ஜனங்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. அதுவும் 1951-இல் ஒருமுறை படமாக வந்த கதைதான். இன்றைக்கு அதைத்தான் உச்சம் என்கிறார்கள். அதனால் 'ஒரிஜினலைத் தொட்டுவிட்டார்கள்' என்ற கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்னிடம் வராதீர்கள். 2019 படம் அந்த வரிசையில் சேரும் என்றும் நான் சொல்லவில்லை, சேராது. ஃபேஷன் ஆட்களைக் கிண்டல் செய்கிற காட்சிகள் நீளம். பழைய குரோனன்பர்க் படங்களுக்குச் சலாம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், டாக்டருக்கு வில்லியம் பரோஸ் என்று, குரோனன்பர்க் படமாக்கிய 'நேக்கட் லஞ்ச்' நாவலை எழுதியவரின் பெயரை வைத்திருப்பது வரைக்கும். கடைசியில் வருகிற ஜந்து எனக்குச் சிரிப்புத்தான் மூட்டியது. இதையெல்லாம் எழுதியவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை.

என் சண்டை ஆஸ்பத்திரிக் காட்சியை 'லேக்' என்று சொன்னவர்களோடு.

எனக்கு இடது கை, கழுத்து, தாடையின் கீழ்ப்பகுதி எல்லாம் ஒட்டுத்தோல். அப்போது கல்யாணம் ஆகவில்லை. மாமாவின் நேந்திரங்காய் சிப்ஸ் கடையில் அடுப்படியில் நின்றேன். ஓணத்துக்கு முந்தின வாரம் எங்கள் பக்கம் சிப்ஸ் கடைகளில் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மூட்டை மூட்டையாகக் காய் வரும், ராத்திரி பகல் கிடையாது. காய் பாதி வெந்ததும் கொதிக்கிற தேங்காய் எண்ணெயில் உப்பு மஞ்சள் கரைத்த தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளிப்பார்கள், அப்போதுதான் உப்பு ஏறும். புதிதாக வந்த பையன் ஒருவன் அதை ஒரே குத்தாக ஊற்றினான். தண்ணீர் கொதிக்கிற எண்ணெய்க்குள் இறங்கியதும் நொடியில் ஆவியாகி எண்ணெயை மேலே தூக்கி அடிக்கும். அடித்தது. பையனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

(கடையில் இருந்தவர்கள் பேஸ்ட் தடவினார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். பேஸ்ட், மாவு, பேனா மை எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். அப்புறம் ஆஸ்பத்திரி.)

வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குக் கொண்டுபோனார்கள். வெந்த தோலை அகற்றிவிட்டுத் தொடையிலிருந்து சீவி எடுத்து ஒட்டினார்கள். சீவுகிற தோல் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கைக்கு ஒட்டியதைச் சின்னச் சின்னக் கண்களாகக் கீறி, விரித்து ஒட்டுவார்கள், கொஞ்சத் தோல் நிறைய இடத்துக்கு வரும். அந்தக் கண்களின் அச்சு என் கையில் இன்னும் இருக்கிறது. கழுத்துக்கும் தாடைக்கும் வெளியே தெரியும் இடம் என்பதால் கீறாமல் முழுசாக ஒட்டினார்கள்.

அம்மாவுக்கு டாக்டர் விளக்கியபோது, "மாங்கன்னுக்கு ஒட்டுக் கட்டுற மாதிரிதானுங்களே?" என்று கேட்டார். முதலமடை மாந்தோப்புகளில் வேலை பார்த்தவர், அவருக்கு அப்படித்தான் புரியும். டாக்டர் சிரித்துவிட்டு ஆமாம் என்றார். முதல் இரண்டு நாள் ஒட்டுத்தோலுக்கு ரத்தமே வராதாம். கீழேயிருந்து கசிகிற நீரை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வந்து இணைய வேண்டும். நடுவில் ரத்தமோ சீழோ தேங்கினாலும், தோல் கொஞ்சம் நகர்ந்தாலும் போச்சு, கருத்து உதிர்ந்துவிடும். அதனால் கழுத்தை அசைக்கக் கூடாது. பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, கஞ்சி மட்டும்.

கட்டுப் பிரிக்கிற நாளைத்தான் சொல்ல வந்தேன். ஐந்தாம் நாள் வாக்கில் பிரிப்பார்கள். உப்புநீரை ஊற்றி ஊற்றித் துணியை ஊறவைத்து, ஓரத்திலிருந்து மெதுவாகத் தூக்குவார்கள். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? துணி எழும்போது தோலும் கூடவே எழுந்துவிடுமோ என்று டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். வாசனை வேறு. நான் கண்ணாடி கேட்டேன். சிஸ்டர், "அண்ணா, இப்ப வேண்டாங்க, நிறம் மாறட்டும்" என்றார். நான் விடவில்லை. கருஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒன்று என் தாடையில் இருந்தது. தொடையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. தோல் எடுத்த இடம்தான் வெந்த இடத்தைவிட எரிந்தது, காற்றுப் பட்டால்கூட.

இப்போது படத்துக்கு வாருங்கள். 2019 ரோஸின் தாடை கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது, வாய் பேச முடியவில்லை. கட்டுப் பிரிக்கப்பட்டு அவள் தன் முகத்தைப் பார்க்கிறாள். கன்னம் கிழிந்து பல் வெளியே தெரிகிறது. கேமரா வேறு பக்கம் திரும்புவதில்லை. அக்கா மகள் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "மாமா, ஓட்டிரட்டுங்களா?" என்றாள். "வேண்டாம் கண்ணு, இருக்கட்டும்" என்றேன். எங்கள் வீட்டில் இந்தப் பேச்சே எடுப்பதில்லை. அந்தக் காட்சி முடிந்ததும் அவளாகவே கேட்டாள், வார்டில் எப்படி இருந்தது என்று. அன்றைக்குத்தான் முதல்முறையாக முழுசாகச் சொன்னேன்.

1977 படத்தில் இது கிடையாது. குரோனன்பர்க் பெரிய ஆள், மறுக்கவில்லை. நோய் ஊரில் பரவுவதைச் செய்திப்படம் போலச் சலனமில்லாமல் காட்டுவதில் அவருக்கு ஈடு கிடையாது. ஆனால் அந்த ரோஸின் முகத்தில் ஒரு கீறல் இல்லை. அதில் ரோஸாக நடித்த மேரிலின் சேம்பர்ஸ் கோமாவிலிருந்து எழும்போதும் அழகாகத்தான் எழுகிறார். ஒட்டுத்தோல் அங்கே கதையை ஆரம்பித்துவைக்க ஒரு காரணம், அவ்வளவுதான். அதை அனுபவிக்கிற ஆளின் நாட்களைப் பெண் இயக்குநர்கள் இரண்டு பேர் வந்துதான் காட்ட வேண்டியிருந்தது. இதை எழுதினால் "சென்டிமென்ட்" என்று ஒருவர் வருவார். வரட்டும்.

இன்னொரு புகார்: "முன்பின் தெரியாத கிளினிக்கில் இலவசமாக ஸ்டெம் செல் சிகிச்சை என்றால் எந்த முட்டாள் போவாள்? லாஜிக் இல்லை." ஐயா, கழுத்துத் தோல் சுருங்கி முகவாயைக் கீழே இழுக்கும்போது, மேலே பார்க்க முடியாமல் பஸ் போர்டைப் பக்கத்தில் நிற்பவரைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். பாலக்காட்டில் கோடையில் 40 டிகிரி கொளுத்தும். அந்த வெயிலில் பிரஷர் கார்மெண்டை (தழும்பு தடிக்காமல் அழுத்திப் பிடிக்கிற இறுக்கமான உடை) ஒரு நாளைக்கு 23 மணி நேரம் போட்டுக்கொண்டு, உள்ளே அரிப்பதைச் சொறிய முடியாமல் மாசக் கணக்கில் இருந்து பாருங்கள். ஒட்டுத்தோலில் வியர்வையும் வராது, எண்ணெய்ப் பசையும் ஊறாது. அதனால் தினமும் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டும். ஆமாம், சுட்டதும் தேங்காய் எண்ணெய்தான். தழும்பே இருக்காது என்று அப்போது யாராவது ஒரு தாளை நீட்டியிருந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன். ரோஸ் போனதில் எனக்கு லாஜிக் உதைக்கவே இல்லை.

எனக்கு உதைத்தது அதற்கு அப்புறம். சிகிச்சை முடிந்ததும் அவளுக்கு முன்பைவிட அழகான முகம் வந்துவிடுகிறது, ஒரு கோடு கூட இல்லாமல். அதற்குப் பிறகு படம் எல்லாரும் பார்த்த ரத்தம் குடிக்கிற படம்தான். அந்த முகத்தை இன்னும் ஒரு அரை மணி நேரம் அப்படியே விட்டிருந்தால் என்ன? வேலைக்குப் போகிறாள், கடைக்குப் போகிறாள் என்று எடுக்கத் தைரியம் வரவில்லை. திட்டுவதென்றால் இதற்குத் திட்டுங்கள்.

திட்டுவதைப் பற்றிப் பேசும்போது, எங்கள் பக்கத்து போட்டோ ஸ்டூடியோக்காரர்களையும் சேர்த்துக்கொள்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போனால், கேட்காமலே தழும்பைக் கம்ப்யூட்டரில் வழித்துவிடுகிறார்கள். "க்ளீன் பண்ணிட்டேங்ணா" என்று பெருமை வேறு. அந்த போட்டோவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். இது நீங்கள் இல்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். விண்ணப்பமோ மலையாளத்தில் மட்டும். எங்கள் தாலுகாவில் தமிழில் படித்தவர்கள் எத்தனை பேர் என்று அவர்களுக்குத் தெரியாதா? திரும்பப் போய், "தம்பி, தழும்போட எடுங்க" என்றால் அவன் என்னைப் பாவமாகப் பார்க்கிறான். கல்யாண ஆல்பத்தில் வேறு என் கழுத்து என் மனைவியின் கழுத்தைவிட வழவழப்பாக இருக்கிறது. மனைவிக்கு அதில் இன்றைக்கும் கோபம்.

2011-இல் 'தி திங்' கதைக்கு முன்கதையாக ஒன்று எடுத்தார்கள். மேக்கப் கலைஞர்கள் ரப்பரிலும் இயந்திரத்திலும் நிஜமாகவே செய்துவைத்த உருவங்களின் மேல், பிற்பாடு கம்ப்யூட்டர் கிராபிக்ஸை ஏற்றி மூடிவிட்டார்கள். ரசிகர்கள் அதற்காக இன்றுவரை பொருமுகிறார்கள். அவர்களோடு நான் ஒரே கட்சி. 2019 'ரேபிட்' அந்தத் தப்பைச் செய்யவில்லை. ரோஸின் கன்னம் கையால் செய்த கன்னம், பார்த்தாலே தெரிகிறது.

எனவே புதியதை முதலில் பாருங்கள், பழையதை அடுத்த நாள். தலைகீழாகப் பார்த்தால் ஒப்பிட்டு ஒப்பிட்டே புதியதைத் தொலைத்துவிடுவீர்கள். பழையதில் ரோஸ் ஒரு தியேட்டரைக் கடந்து நடக்கும்போது சுவரில் 'கேரி' பட போஸ்டர் இருக்கும். குரோனன்பர்க் ரோஸாக நடிக்க முதலில் நினைத்திருந்தது அந்தப் படத்தின் கதாநாயகி சிஸ்ஸி ஸ்பேசெக்கை. கண்டுபிடித்தால் கமெண்டில் சொல்லுங்கள். தீக்காய வார்டில் இப்போது யாராவது உங்கள் வீட்டு ஆள் இருந்தால் மட்டும் இரண்டையும் தள்ளிவையுங்கள். கழுத்துப் பயிற்சி, பிரஷர் கார்மெண்ட் பற்றிச் சந்தேகம் இருந்தால் அதையும் கேளுங்கள், சினிமாவைவிட அதில் எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும்.